ஊனமே இல்லாத எஸ்டேட்

1. இரண்டு கட்டுகள்

ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குள் நுழைந்தபோது என் மேஜைமேல் இரண்டு ஷெட்யூல் கட்டுகள், அதாவது சர்வே படிவக் கட்டுகள், கிடந்தன. இரண்டும் நான் வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதி அனுப்பியவை. இரண்டும் தலைமை அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்க்கும் ஸ்க்ரூட்டினி பிரிவிலிருந்து திரும்பி வந்திருந்தன. முதல் கட்டின்மேல் சிவப்பு மையில், ‘ஊனமுற்றோர் நம்ப முடியாத அளவுக்கு அதிகம், விளக்கம் தேவை’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவதின்மேல், ‘ஊனமுற்றோர் ஒருவர்கூட இல்லை, இன்வெஸ்டிகேட்டர் நேரில் சென்றாரா?’ என்று இருந்தது.

நேரில் சென்றாரா! பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி மாறிச் சின்னக்கானல் மலைக்குப் போய், அட்டைக்கு ரத்தம் கொடுத்து, தொழிலாளர் லைன் லைனாக ஏறி இறங்கிவிட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? இதை எழுதிய புண்ணியவான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதியிருப்பார். 

இது எழுபதுகளின் நடுவில் நடந்தது. நான் பாலக்காட்டில் புள்ளிவிவர இன்வெஸ்டிகேட்டர். வீடு கொல்லங்கோடு. ஜனத்தொகை, வேலை, ஊனம் மூன்றையும் சேர்த்து விசாரிக்கும் ஒரு சாம்பிள் சர்வே அப்போது நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக்கு எருத்தேன்பதியில் சில வீதிகள் வந்தன. இடுக்கிப் பக்கத்துக்கு ஒரு தேயிலை எஸ்டேட் வந்தது. அங்கே தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்று என்னையே அதற்கும் அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் குறிப்பை எழுதச் சொன்ன, துறையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள், இந்தத் துறையில் புழங்கும் சொற்களை எளிமையாக விளக்குங்கள் என்றார்கள். எளிமையான டெஃபனிஷன் என்று ஒன்றை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அதற்குள் அந்தச் சொற்களும் வரும்.

எங்கள் சூப்பரிண்டென்டென்ட் வர்கீஸ் சார். நல்ல மனிதர்தான், ஆனால் ஸ்க்ரூட்டினியிலிருந்து ஒரு வரி வந்தால் வேதவாக்காக எடுத்துக்கொள்வார். அவரிடம் பேசுவதற்கு ஆபீசில் ஒரு முறை உண்டு. எப்போதும் அவர் மேஜைக்கு இடப்பக்கம் நின்றுதான் பேச வேண்டும். நான் சேர்ந்த முதல் நாள் தெரியாமல் வலப்பக்கம் போய் நின்றேன். பியூன் என் முழங்கையைத் தொட்டு, சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வரச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கவர்மெண்ட் ஆபீசில் ஏன் என்று கேட்க ஆரம்பித்தால் பென்ஷன் வாங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்றைக்கும் இடப்பக்கம் போய் நின்றேன். இரண்டு கட்டையும் என் பக்கம் தள்ளினார்.

“இது எந்தா ருக்மணி? ஒரு ஊர்ல எல்லாரும் நொண்டி, ஒரு எஸ்டேட்ல எல்லாரும் பயில்வானா?”

நியாயமான கேள்விதான். 

2. பாம்பைப் பார்த்த குருடர்

எருத்தேன்பதிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே நான் போவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒரு வதந்தி போய்விட்டது. ஊனமுற்றவர் இருக்கிற வீட்டுக்குக் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் கனெக்ஷன் முதலில் கிடைக்குமாம். யார் கிளப்பிவிட்டார்களோ, அவர்கள் வாயில் மண்ணைப் போட. மழை எட்டிப் பார்க்காத பூமி அது. கிணறு வெட்டிவிட்டுக் கனெக்ஷனுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கும் குடியானவர்கள். இப்படி ஒன்று காதில் விழுந்தால் விடுவார்களா?

டெஃபனிஷன் என்னவென்றால், நிரந்தரமான ஒரு குறையால், அந்த வயதுள்ள மற்றவர்கள் சாதாரணமாகச் செய்வதை ஒருவரால் செய்ய முடியாமல் இருந்தால் அது ஊனம். நோய் வேறு, ஊனம் வேறு. காய்ச்சலில் படுத்திருப்பவர் ஊனமுற்றவர் அல்ல. முதுகு வலிக்கிறது என்பவரும் அல்ல. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரு வீட்டில் ஜலதோஷத்தைக்கூட எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

சின்னச்சாமி என்று ஒருவர், நல்ல தோட்டம் துரவு உள்ளவர். தன் அப்பாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது என்றார். எங்கள் இன்ஸ்ட்ரக்‌ஷன் புத்தகப்படி, பகல் வெளிச்சத்தில் சில அடி தள்ளி நின்று விரலைக் காட்டி எண்ணச் சொல்ல வேண்டும். நான் இரண்டு விரலைக் காட்டினேன். பெரியவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஏழு என்றார். ஒரு கையில் ஏது ஏழு விரல்? சரி, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டி, தோட்டத்துப் பாதையில் இறங்கினேன். பின்னாலிருந்து பெரியவரின் குரல் வந்தது.

“அம்மிணி, அப்பிடியே நில்லுங்கொ. தூரத்துல அந்த வரப்போரம் சாரை ஒண்ணு போகுது பாருங்கொ.”

எனக்கு அந்தப் பாம்பு தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தேன். சின்னச்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பெரியவர் பாவம், ஒரு உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் மோட்டாரை மறந்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து அந்தப் பதிவை அடித்தேன். எல்லா வீட்டிலும் பாம்பு வருமா என்ன? அதனால்தான் அந்தக் கட்டு அவ்வளவு கனத்துப் போயிற்று.

அதே வீட்டில் இன்னொரு தகராறும் நடந்தது. சின்னச்சாமியின் தம்பி பி.ஏ. படித்தவர். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர். தன்னை வேலையில்லாதவர் என்று எழுதச் சொன்னார். கடந்த ஏழு நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். நிலக்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சினேன், பருத்தி மூட்டையை வண்டியில் ஏற்றினேன் என்றார். எங்கள் கணக்கில், அந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும், அது சொந்தத் தோட்டத்து வேலையாகவே இருந்தாலும், அவர் வேலையில் இருப்பவர். வேலையில்லாதவர் என்றால் ஒரு மணி நேரம்கூட வேலை கிடைக்காமல், கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர். இதைச் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வாசலில் போர்டு மாட்டாத குறையாக ஊர் முழுக்க என்னை வேலையில்லாதவன் என்கிறது, நீங்கள் மட்டும் வேலை கொடுத்துவிட்டுப் போகிறீர்களே என்றார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. டெஃபனிஷனை நான் எழுதவில்லை, நான் சுமக்கிறவள் மட்டும்தான்.

3. எல்லாரும் சொகம்

எஸ்டேட்டில் முதல் முறை நடந்தது இதற்கு நேர் எதிர். எஸ்டேட்டுக்குள் வெளியாள் தனியாக லைனுக்குப் போக முடியாது. மேனேஜர் தன் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவரைத் துணைக்கு அனுப்பினார். வெளுத்த முழுக்கைச் சட்டையும் கம்பளி மஃப்ளருமாக இருக்கும் அந்த மனிதர் எனக்குக் குடை பிடித்தார், நாயை விரட்டினார், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எனக்கு முன்னால் போய் நின்றார். குறை சொல்ல முடியாத மரியாதை.

லைன் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான். அந்த ஒரே அறைக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் எங்கள் கணக்கில் இரண்டு குடும்பம். குடும்பம் என்றால் ரத்த உறவல்ல, ஒரே அடுப்பில் பொங்கித் தின்பவர்கள். இதை விளக்கினால், ஒரே வீட்டுக்குள் மாமியாரும் மருமகளும் தனித்தனி அடுப்பு என்று வெளியே சொல்ல யார் வாய் திறப்பார்கள்? ஜனத்தொகை எண்ணுவதிலும் இதே பாடுதான். வழக்கமாக இங்கே குடியிருப்பவரை மட்டும் எழுத வேண்டும். அவர்களோ திருநெல்வேலிப் பக்கம் ஊரில் இருக்கும் அம்மாவையும் அப்பாவையும் சேர்த்தே சொல்வார்கள். எங்கே இருக்கிறார்கள் என்றால், இங்கனதான் இருக்காக, போன வருசம் ஊருக்குப் போனாக என்பார்கள்.

ஊனம் பற்றிக் கேட்டதும் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே பதில், எல்லாரும் சொகம். ஒரு வீட்டில் ஒரு ஆள் வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார், குளிர் என்றார். இன்னொரு வீட்டில் முத்துக்கண்ணு என்ற பெண், புருஷன் இறந்தவள், இரண்டு பிள்ளைகள், வீடு அவள் பேரில். அவளிடம் கேட்பதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அவளுடைய நாத்தனார் பேச்சியம்மாள் ஓடிவந்துவிட்டாள். முத்துக்கண்ணு அடுப்பு வேலையாக இருக்கிறாள், நான் சொல்கிறேன் என்று பிறந்த வருஷம் முதல் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். வீட்டில் உள்ள ஒருவர் மற்றவர்களுக்காகச் சொல்லலாம் என்று எங்கள் விதியில் இருக்கிறது. பேச்சியம்மாள் பக்கத்து வீடு, அடுப்பும் வேறு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மழை வலுத்துக்கொண்டிருந்தது. அப்படித்தான் எஸ்டேட் முழுவதும் ஊனம் பூஜ்யம் ஆயிற்று.

சிவப்பு மை வந்த பிறகு, எருத்தேன்பதிக்கு வேறொருவரை அனுப்பிவிட்டு, எஸ்டேட்டுக்கு மறுபடியும் என்னையே போகச் சொன்னார் வர்கீஸ் சார். பூஜ்யம் சரியா தப்பா என்று தெரிந்துகொண்டு வா என்றார். மறுபடியும் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு, மறுபடியும் அட்டை.

4. தேயிலைக் காய்

அந்த முறை போன அன்றே, ரைட்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று பின்தங்கிவிட்டார். நான் தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் தனியாக நடந்தேன். கீழே சரிவில் பெண்கள் ஆளுக்கொரு வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி மடியிலிருந்து எதையோ எடுத்து முன்னால் இருந்தவளின் முதுகில் குறி பார்த்து எறிந்தாள். பட்டதும் அவள் திரும்பினாள். எறிந்தவள் கையைக் காட்ட, அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி எறிந்தாள். மறுபடியும் அதே முதுகு.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாலு பேர் சேர்ந்துகொண்டு ஒருத்தியை அடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பாதையில் நின்றபடியே, ஏனுங்க, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லீங்களா என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். கொல்லங்கோட்டுத் தொண்டை, சும்மாவா? எல்லாப் பெண்களும் நிமிர்ந்தார்கள். அடுத்த சரிவில் உரம் போட்டுக்கொண்டிருந்த ஆண்களும் நிமிர்ந்தார்கள். நிமிராதவள் ஒருத்திதான். யாருக்காக நான் கத்தினேனோ அவள் குனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது முத்துக்கண்ணு.

எறிந்தவர்களில் ஒருத்தி கூடையோடு மேலே ஏறி வந்தாள். பேச்சியம்மாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே படித்த பெண் என்றாலே டீச்சர்தான்.

“டீச்சர், சத்தம் போடாதீக. ரைட்டரு வாராரு.”

அவள் மடியில் ஒரு பிடி தேயிலைக் காய் இருந்தது. கொழுந்து கிள்ளாமல் விட்ட ஓரச் செடிகளில் காய்ப்பது, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த வரிசைப் பெண்கள் எல்லோருடைய மடியிலும் அது இருந்தது. சங்கு ஊதினால் ஒரு காய். கங்காணி கூப்பிட்டால் ஒரு காய். காட்டுக்குள் யானை இறங்கிவிட்டது என்று சத்தம் கேட்டால் கை நிறையக் காய். காலையில் வேலைக்கு முன் வரிசையாக நிற்கும் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது மட்டும் காய் எறிய முடியாது, பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று கிள்ளுவாளாம். ரைட்டர் வருவதற்குள் இவ்வளவையும் அவள் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் ஓடைக்கு வந்தால் மீதியைச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

5. ஓடைக் கல்

பதில் சொல்பவர் பக்கத்தில் மூன்றாம் ஆள் இருக்கக் கூடாது என்று இன்ஸ்ட்ரக்‌ஷன் புத்தகத்தில் அச்சடித்தே இருக்கிறது. எஸ்டேட் ஆள் வாசலில் நின்றால் என்ன செய்வது என்று அதில் இல்லை. எஸ்டேட்டை மேப்பில் பார்த்தவர்கள் எழுதிய புத்தகம் அது. பெண்கள் குளிக்கிற, துவைக்கிற ஓடைப் பக்கம் ரைட்டர் வர முடியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பயணம் தேவைப்பட்டது.

ஓடைக் கல்லில் உட்கார்ந்து எழுதினேன். பூஜ்யமாவது ஒன்றாவது! துண்டு மூடிய கை மிஷினில் நசுங்கிய கை. கண்ணில் பூ விழுந்த ஒரு பெண் விரல் தடவியே கொழுந்தின் பிஞ்சு முற்றல் தெரிந்துகொள்வாள். எல்லோருக்கும் ஒரே பயம். முந்தின வருஷம் கொழுந்து லாரி ரிவர்ஸில் வந்தபோது ஹாரன் கேட்காமல் ஒருவர் அடிபட்டிருக்கிறார். அதன் பிறகு, கண் காது கை கால் சரியில்லாதவர்களை மெடிக்கல் அன்ஃபிட் என்று கணக்கு முடித்து அனுப்பிவிடுவோம் என்று எஸ்டேட் அறிவித்துவிட்டது. எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். லைன் வீடு வேலைக்குத்தான், ஆளுக்கல்ல.

முத்துக்கண்ணுவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் காது போயிருக்கிறது. அவள் அங்கேயே பிள்ளைகளின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசுவது தன்னைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. துணியைப் பிழிந்துகொண்டே என் பேனாவைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. அந்த ஒரு அறையை விட்டால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

ஷெட்யூல் ரகசியமானது, எஸ்டேட்டுக்குப் போகாது, சர்க்காருக்குக் கணக்குத்தான் வேண்டும், பெயர் வேண்டாம் என்று பேச்சியம்மாளுக்குப் புரிய வைத்தேன். அவள் முத்துக்கண்ணுவைக் காட்டிச் சொன்னாள்.

“எழுதிக்கிடுங்க டீச்சர். ஆனா இந்த வீடு போச்சுன்னா, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இவ உங்க வீட்டுக்குத்தான் வருவா. நானே கொண்டாந்து விட்டுட்டுப் போவேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊனம் என்ற கட்டத்தில், செவி, முற்றிலும் கேளாது என்று எழுதினேன். வேலை என்ற கட்டத்தில், தோட்டத் தொழிலாளி, ஏழு நாளில் ஆறு நாள் முழு வேலை என்று எழுதினேன். இரண்டும் உண்மை. சரியாகச் செய்துவிட்ட திருப்தியோடு மலை இறங்கினேன்.

6. டிரங்க் கால்

திருப்தி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. கட்டு மறுபடியும் திரும்பி வந்தது. இந்த முறை, ‘ஒரே நபர் ஊனமுற்றவராகவும் முழுநேரப் பணியாளராகவும் காட்டப்பட்டுள்ளார், முரண்பாடு, ஒன்றைத் திருத்துக’ என்று சிவப்பு மை. எத்தனையோ வரிகள் இருக்க, அவர்கள் அடிக்கோடிட்டது முத்துக்கண்ணுவின் வரியை.

ஊனம் இல்லை என்று எழுதினால் நேரில் போனாயா என்பார்கள். ஊனம் என்று எழுதினால் அப்புறம் ஏன் வேலை செய்கிறாள் என்பார்கள். இவர்களுக்கு என்னதான் வேண்டும்?

நான் வர்கீஸ் சாரின் அறைக்குள் போனபோது அவர் ஏற்கெனவே காரியத்தை முடித்துவிட்டிருந்தார். எஸ்டேட் மேனேஜரோடு போனில் பேச எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் புக் பண்ணியாயிற்று. இன்ன லைன், இன்ன நம்பர் வீட்டில் இருக்கிற பெண்ணுக்குக் காது கேட்குமா கேட்காதா என்று மேனேஜரையே கேட்டுவிட்டால் தீர்ந்தது என்றார். அவர் முன்னால் ஒரு துண்டுத்தாளில் லைன் நம்பரும் வீட்டு நம்பரும் தயாராக இருந்தன. 

அந்தக் காலத்து டிரங்க் கால் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடத்திலும் வரலாம், சாயங்காலமும் வரலாம். போன் அடிப்பதற்குள் அவர் மனதை மாற்ற வேண்டும். இடப்பக்கம் நின்றுகொண்டு ஆரம்பித்தேன். ஷெட்யூல் ரகசியம் என்றேன். சர்க்கார் ஆபீசும் எஸ்டேட் ஆபீசும் பேசிக்கொள்வதில் என்ன ரகசியம் என்றார். அவள் வீடு போய்விடும் என்றேன். அது லேபர் டிபார்ட்மென்ட் விஷயம், நம் விஷயம் அல்ல என்றார். ஊனம் என்ற கட்டம் உடம்பால் எது முடியாது என்று கேட்கிறது, வேலை என்ற கட்டம் போன வாரம் என்ன செய்தாய் என்று கேட்கிறது, இரண்டும் வேறு வேறு கேள்வி, ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்கக் கூடாது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“ருக்மணி, நீ சென்டிமென்ட்டா பேசுது. வேலை செய்யுறான்னா காது கேக்கும். காது கேக்கலேன்னா வேலை செய்ய முடியாது. ஏதாவது ஒண்ணுதான் சரி.”

சொல்லிவிட்டு ஒரு ஃபைலை எடுத்துக் குனிந்து எழுத ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றேன். வாசலில் நின்ற பியூனுக்கு முகம் வெளிறிவிட்டது. நான் சாதாரணக் குரலில், அந்த டிரங்க் காலை கேன்சல் பண்ணுங்க சார் என்றேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். மறுபடியும் சொன்னேன். அவர் பக்கத்தைப் புரட்டினார். மூன்றாவது முறை சொன்னேன். பிறகு நிழல் விழுந்ததோ என்னவோ, தலையைத் தூக்கினார். முதலில் இடப்பக்கம் பார்த்தார், ஆள் இல்லை. பிறகுதான் வலப்பக்கம் திரும்பினார். நான் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

“எப்போ தெரியும்?” என்றார். 

“சேந்த மாசமே தெரியுமுங்க சார்.”

“ஆபீஸ்ல?”

“எல்லாருக்கும் தெரியுமுங்க. அதான் எல்லாரும் அந்தப் பக்கமா வந்து நிக்கறோம். அங்க அந்தப் பொம்பளைங்க தேயிலைக் காயை எறியறாங்க, இங்க நாங்க நகந்து நிக்கறோம். அவங்களும் வேலை செய்யறாங்க, நீங்களும் செய்யறீங்க.”

 கேட்காத அந்த வலது காது, சர்வீஸ் முழுவதும் அவர் மறைத்து வைத்திருந்தது. தெரிந்தால் பிரமோஷன் போகும் என்று பயந்திருப்பார், வேறு என்ன?  மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

எப்போதும்போல ரிசீவரை இடது காதில் வைத்தார். மறுமுனையில் மேனேஜர் இரைந்து பேசுவது எனக்கே கேட்டது. வர்கீஸ் சார் முன்னால் இருந்த துண்டுத்தாளைப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சர்வேக்கு உதவியதற்கு நன்றி என்றார். அங்கே மழை எப்படி என்று கேட்டார். மழை பலமாம். மூன்று நிமிடம் அரசாங்கச் செலவில் மழையைப் பற்றிப் பேசிவிட்டு ரிசீவரை வைத்தார்.

ஷெட்யூலை இழுத்து, சிவப்பு மைக்குக் கீழே நீல மையில், ‘இரண்டும் சரி, திருத்தம் தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பியூனும் நானும் சேர்ந்து அவருடைய மேஜையைத் திருப்பிப் போட்டோம், அவருடைய இடப்பக்கம் வாசலைப் பார்க்கும்படி. சொன்னது அவர்தான்.

7. கடைசியாக

தலைமை அலுவலகம் அதற்குப் பிறகும் ஒரு கேள்வி அனுப்பியது. அந்த நபரின் ஊனம் வேலைக்குத் தடையா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதிலளிக்கவும் என்று. ஆம் அல்லது இல்லை என்று மட்டுமாம்! நான் ‘பக்கத்தில் ஆள் இருந்தால் இல்லை’ என்று எழுதினேன். அதை வர்கீஸ் சார் அடித்துவிட்டு ‘இல்லை’ என்று மட்டும் வைத்துக்கொண்டார். அதுவரைதான் அவரால் முடியும்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். குடும்பம், வேலை, வேலையின்மை, ஊனம் என்ற ஒவ்வொரு சொல்லும் ஒரு தனிக் கேள்வி. ஒன்றின் பதிலை இன்னொன்றின் தலையில் கட்டாதீர்கள். பூஜ்யம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அளவுக்கு மீறி வந்தாலும் மலைக்காதீர்கள். பதில் சொல்கிறவருக்கு அந்தப் பதிலால் என்ன வரும், என்ன போகும் என்று முதலில் விசாரியுங்கள். எருத்தேன்பதியில் மோட்டார் வரும் என்றார்கள், எல்லோருக்கும் ஊனம் வந்தது. எஸ்டேட்டில் வீடு போகும் என்றார்கள், எல்லோருக்கும் ஊனம் போனது. இதை எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்த வருஷம் வேறொரு சர்வேக்கு அதே எஸ்டேட்டுக்கு அனுப்பினார்கள். அதே ரைட்டர், அதே மஃப்ளர், அதே குடை. முத்துக்கண்ணுவின் லைன் முன்னால் நின்று நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது முதுகில் சுருக்கென்று ஏதோ பட்டது. காலடியில் ஒரு தேயிலைக் காய் உருண்டது. திரும்பினேன். முத்துக்கண்ணு தன் வீட்டு வாசலில், அதே வீட்டு வாசலில், நின்றுகொண்டிருந்தாள். கையில் எனக்கென்று ஒரு டம்ளர் கறுப்புச் சாயா.

ரைட்டர் அந்தக் காயைப் பார்த்தார்.  வாயில் வந்ததைச் சொன்னேன், மரத்திலிருந்து விழுந்தது போலிருக்கிறது என்றேன். அந்த லைன் முன்னால் மரமே கிடையாது.

ரைட்டர் அண்ணாந்து பார்க்கவில்லை.

“ஆமாங்க மேடம்,” என்றார், “இந்த லைன்ல அடிக்கடி விழும்.”